உள்ளங்கையில் இருந்தது

தெளிவாகத் தெரியும் ஒன்றை உள்ளங்கை நெல்லிக்கனி என்று சொல்வது நம் வழக்கு. எங்கள் வாழ்வில் அந்தச் சொல் ஒருமுறை எங்களைப் பார்த்து நகைத்தது. அன்று கனி நிச்சயமாக உள்ளங்கையில்தான் இருந்தது. பார்க்கத் தெரியாதவர்கள் நாங்கள்தாம்.

நாங்கள் இருவரும் மருத்துவர்கள், கணவன் மனைவி. எங்களில் ஒருவர் இதயத்தைப் பார்ப்பவர். மற்றவர் தோலைப் பார்ப்பவர். தென்மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், எங்கள் வீட்டின் முன்பகுதியிலேயே இரண்டு அறைகள் ஒதுக்கி, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் மாலை நேரங்களில் நோயாளிகளைப் பார்த்தோம். இரு அறைகளுக்கும் நடுவே ஒரு சுவர். ஓர் அறையிலிருந்து வெளியே வந்து, திண்ணையைச் சுற்றி மற்ற அறைக்குள் நுழையப் பன்னிரண்டு எட்டு வைக்க வேண்டும். பிற்பாடு ஒருநாள் எண்ணிப் பார்த்தோம். ஆகையால்தான் இத்தனை சரியாகச் சொல்ல முடிகிறது.

1991-ஆம் ஆண்டில் பதினொரு வயதுச் சிறுவன் ஒருவனை அவன் தாய் தோல் மருத்துவரின் அறைக்கு அழைத்து வந்தாள். உள்ளங்கைகளும் உள்ளங்கால்களும் தடித்து, மஞ்சள் நிறமேறி, ஆங்காங்கே வெடித்திருந்தன. பனையேறிகளின் கையிலும் மண்வெட்டி பிடிப்பவர் கையிலும் காய்ப்பு காய்த்திருப்பதைக் கண்டிருக்கிறோம். பள்ளிக்கூடம் போகும் பையனுக்கு அது ஏன்? தவழத் தொடங்கிய நாளிலிருந்தே இருக்கிறது என்றாள் தாய். பிறவியிலேயே உள்ளங்கைத் தோல் கெட்டிப்படும் குறைபாடு என்று எழுதி, சாலிசிலிக் அமிலம் கலந்த களிம்பு கொடுத்து, இரவில் வெந்நீரில் ஊற வைத்துத் தேய்க்கச் சொல்லி அனுப்பினோம். எழுதியது தவறன்று. பாதிதான் எழுதினோம்.

அவன் தலைமுடியையும் கண்டோம்; காணாமலில்லை. கம்பளி நூலைப் பிரித்துப் போட்டதுபோல் சுருண்டு, முரடாய், சீப்புக்கு அடங்காமல் நின்றது. “யாரைப் போலடா உனக்கு இந்த முடி?” என்று எங்களில் தோலைப் பார்ப்பவர் விளையாட்டாகக் கேட்டார். பையன் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். தாய்தான் பதில் சொன்னாள்: “எங்க ரெண்டு வழியிலயும் யாருக்கும் இப்படி இல்ல, டாக்டரம்மா.” அந்த ஒரு வாக்கியத்தில் நின்று யோசித்திருக்க வேண்டும். அடுத்த நோயாளி காத்திருந்தார்.

களிம்பு ஓரளவு பயன் தந்தது. இரண்டு மூன்று முறை வந்தான். பிறகு வரவில்லை. நாங்களும் மறந்துவிட்டோம்.

1998-இல் அதே தாய் ஒன்பது வயது மகளுடன் வந்தாள். முகத்தைக் கண்டு அவளை அடையாளம் தெரியவில்லை. பெண்ணின் கையைக் கண்டதும் தெரிந்தது. அதே தடிப்பு, அதே முடி. “பையன் எப்படி இருக்கிறான்?” என்று கேட்டபோதுதான் அவள் சொன்னாள். முந்தைய ஆண்டு, பதினேழு வயதில், கிணற்றடியில் நீர் இறைத்துக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்தான், எழுந்திருக்கவில்லை. அதற்கு எட்டு மாதங்களுக்கு முன் கைப்பந்து ஆடும்போது ஒருமுறை மயங்கி விழுந்திருக்கிறான். கைகால் சற்று வெட்டியதாம். நகரத்திலிருந்த பெரிய மருத்துவமனை ஒன்றில் வலிப்பு என்று முடிவுகட்டி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மாத்திரையை ஒருநாளும் தவறவிடாமல் தின்றான் என்று அவள் அழுத்திச் சொன்னாள். தன் மீதோ மகன் மீதோ பழி வந்துவிடக் கூடாதே என்ற தவிப்பு அதில் இருந்தது.

பிறகு மகளின் கையை விரித்து மேசைமேல் வைத்தாள். “அவனுக்கும் இதே கை, இதே முடி. நடுவுல உள்ளவனுக்கு ரெண்டும் இல்ல. அவன் நல்லா இருக்கான். இவளுக்கு இருக்கு. இவளும் போயிருவாளோன்னு பயமா இருக்கு, டாக்டரம்மா.”

எழுத்தறிவில்லாத அந்தத் தாய் கையையும் முடியையும் மயக்கத்தையும் மரணத்தையும் ஒரே நூலில் கோத்திருந்தாள். அவளுக்குத் தெரிந்தது, பட்டங்கள் பெற்ற எங்களுக்குத் தெரியவில்லை. சுவருக்கு அப்பாலிருந்தவரை அன்று முதன்முறையாகத் தோல் மருத்துவரின் அறைக்கு அழைத்தோம். நோயாளி பன்னிரண்டு எட்டு நடக்கவில்லை, மருத்துவர் நடந்தார்.

இதய மின்வரைவு எடுத்தோம். மார்பின்மீது வைக்கும் முனைகளில் மேல்நோக்கி எழ வேண்டிய அலைகள் கவிழ்ந்து கிடந்தன. இடையிடையே முறை தவறிய துடிப்புகள். நகரத்துக்கு அனுப்பி எக்கோ எடுத்ததில், இதயத்தின் கீழறைகள் வயதுக்கு மீறி விரிந்திருப்பதாக எழுதி வந்தது. அந்தச் சிறுமிக்கு மூச்சிரைப்பு இல்லை, நெஞ்சுவலி இல்லை, மயக்கம் இல்லை. எங்கள் வாசலில் அமர்ந்து ஐந்தாங்கல் ஆடிக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மருத்துவக் கல்லூரி ஒன்றின் நூலகத்தில் உட்கார்ந்தோம். கணினியில் தட்டிப் பார்க்கும் வசதி எங்கள் ஊருக்கு அப்போது வரவில்லை. பழைய இதழ்களைக் கட்டுக்கட்டாக இறக்கி, தூசி தட்டி, பொருளடக்கத்தை விரலால் தடவித் தடவிப் படித்தோம். பிரிட்டிஷ் இதய இதழின் 1986-ஆம் ஆண்டுத் தொகுதியில் அது கிடைத்தது. நிக்கோஸ் புரோட்டோனோட்டாரியோஸ் என்ற கிரேக்க மருத்துவரும் அவருடைய தோழர்களும் எழுதிய கட்டுரை. நாக்ஸோஸ் என்னும் தீவைச் சேர்ந்த குடும்பங்களில், பிறக்கும்போதே கம்பளி முடி, கையும் காலும் புழங்கத் தொடங்கிய நாள்முதல் உள்ளங்கை உள்ளங்கால் தடிப்பு, வாலிபம் நெருங்கும்போது இதயத் துடிப்பின் தாறுமாறு, சிலருக்குத் திடீர் மரணம்: இவை மூன்றும் ஒன்றாய் வருவதை அவர்கள் கண்டு எழுதியிருந்தார்கள்.

நாக்ஸோஸ், ஏஜியன் கடலில் உள்ள சைக்கிளேட்ஸ் தீவுக் கூட்டத்தில் மிகப் பெரியது. பளிங்குக் கல்லுக்குப் பெயர் போனது. தீசியஸ் தன் காதலி அரியாட்னேயை விட்டுச் சென்ற தீவு என்று கிரேக்கப் புராணம் சொல்லும். அங்கே உள்ளூர் மக்களுக்கு மருத்துவம் பார்த்த ஒருவருக்குத்தான் அது கண்ணில் பட்டது என்பதில் எங்களுக்கு வியப்பில்லை. பெருநகர மருத்துவமனையில் தோல் ஒரு மாடி, இதயம் ஒரு மாடி. தீவு மருத்துவருக்கோ அந்த வீட்டில் பிறந்த பிள்ளையின் தலையும் தெரியும், அதன் மாமன் எப்படி இறந்தான் என்பதும் தெரியும். எங்களுக்கும் அந்த வாய்ப்பு இருந்தது. சுவரைக் கட்டிக்கொண்டது நாங்கள்.

கட்டுரையில் எங்களை வாட்டியது ஆண்டுதான். 1986. அந்தச் சிறுவன் எங்களிடம் வந்ததற்கு ஐந்தாண்டுகள் முந்தையது. இந்தியாவிலிருந்தே, 1996-இல், இதை ஒத்த கூட்டுக்குறைபாடு கொண்ட ஒரு குடும்பத்தைப் பற்றி நம் நாட்டு இதய இதழில் மருத்துவர்கள் எழுதியிருந்ததையும் பின்னர்தான் அறிந்தோம். எங்களில் இதயத்தைப் பார்ப்பவர் அந்த இதழுக்குச் சந்தா கட்டியவர். பிரிக்காத உறையோடு வீட்டில் கிடந்தது.

தோலுக்கும் இதயத்துக்கும் என்ன உறவு என்று வாசகர் கேட்கலாம். எங்களுக்கும் அது அன்று புதிர். விடை 2000-ஆம் ஆண்டில் வந்தது. நம் உடலின் செல்கள் செங்கற்களைப் போல் வெறுமனே அடுக்கப்பட்டவையல்ல. ஒன்றையொன்று பற்றிக்கொள்ளச் சட்டைப் பொத்தான்களைப் போன்ற சிறு இணைப்புகள் அவற்றுக்கு உண்டு. அவற்றை டெஸ்மோசோம் என்பர்; கிரேக்க மொழியில் கட்டு என்றும் உடல் என்றும் பொருள்படும் இரு சொற்களின் சேர்க்கை. எங்கெல்லாம் இழுப்பும் அழுத்தமும் ஓயாது நிகழுமோ அங்கெல்லாம் அவை மிகுதி. ஓயாமல் அழுந்துவது உள்ளங்கையும் உள்ளங்காலும். ஓயாமல் இழுபடுவது இதயம். பொத்தான் வலுவற்றுப் போனால், தோல் தன்னைக் காத்துக்கொள்ளத் தடிக்கிறது. இதயத்துக்கு அப்படித் தடித்துக் காத்துக்கொள்ளும் வழியில்லை. அங்கே தசைச் செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று கழன்று மடிய, அந்த இடத்தைக் கொழுப்பும் நாரும் நிரப்புகின்றன. மின்னோட்டம் அந்தத் தழும்புகளில் வழி தவறிச் சுழல்கிறது. ஓடும்போதோ நீர் இறைக்கும்போதோ அந்தச் சுழல் கட்டுமீறினால் இதயம் துடிப்பதற்குப் பதில் நடுங்குகிறது. மூளைக்கு இரத்தம் நின்றுபோகிறது.

நாக்ஸோஸ் குடும்பங்களில் பழுதானது பிளாக்கோகுளோபின் என்ற புரதத்தை ஆக்கும் மரபணு. பதினேழாவது குரோமோசோமில் உள்ள அதில் இரண்டே இரண்டு எழுத்துகள் விடுபட்டிருந்தன. அதற்கு முன்பே, 1998-இல், ஈக்வடார் நாட்டுத் தோல் மருத்துவர் லூயிஸ் கார்வஹால் தம் நாட்டுக் குடும்பங்களில் இதன் உடன்பிறப்பு ஒன்றைக் கண்டு எழுதினார். முடி அதேதான். உள்ளங்கைத் தடிப்பு மட்டும் பரவலாக இல்லாமல் விரல்களின் நீளவாட்டில் வரிவரியாக ஓடும். இதயத்திலோ வலது கீழறையைவிட இடது கீழறை மிகுதியாகப் பாதிக்கப்படும். அங்கே பழுதானது டெஸ்மோபிளாக்கின் என்ற வேறொரு பொத்தான் புரதம்.

தோல் இதயத்தைக் காட்டிக்கொடுப்பது இந்த ஒன்றில் மட்டுமன்று. குதிகால் நரம்பின்மேல் வலியில்லாத கட்டி போல் கொழுப்புத் திரண்டிருந்தால், பிறவிக் கொழுப்பு மிகை நோயினால் இளம் வயதிலேயே மாரடைப்பு வரலாம். இடுப்பைச் சுற்றிக் குங்குமம் தெளித்தாற்போன்ற நுண்புள்ளிகள், ஃபேப்ரி நோயினால் இதயச் சுவர் தடிப்பதன் அடையாளமாக இருக்கலாம். 1898-இலேயே ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் இரு மருத்துவர்கள் தனித்தனியே அதை எழுதிவிட்டார்கள். ஜப்பானில் டொமிசாகு கவாசாகி, 1961-இல் ஒரு குழந்தையிடம் காய்ச்சலையும் தடிப்புகளையும் செவ்விதழையும் கண்டு பெயர் தெரியாமல் குறித்து வைத்தார். அதைப் போன்ற ஐம்பது குழந்தைகளைச் சேர்த்து அவர் எழுதியது 1967-இல். இன்று அந்த நோய் அவர் பெயராலேயே வழங்குகிறது. உரிய நாள்களுக்குள் மருந்து செலுத்தாவிட்டால் இதயத் தமனிகள் வீங்கிவிடக்கூடும். இவற்றில் இன்னொரு சங்கடமும் உண்டு. பாடநூல்களின் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுக்கப்பட்டவை. வாதக் காய்ச்சலில் வரும் இளஞ்சிவப்பு வளையங்களை நம் பிள்ளைகளின் கறுத்த மேனியில் தேடிக் கண்டுபிடிக்க, நல்ல பகல் வெளிச்சமும் அதைவிட நல்ல பொறுமையும் வேண்டும்.

வலிப்பென்று பெயர் சூட்டப்பட்ட அந்த மயக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். அந்தப் பெரிய மருத்துவமனைமீது எங்களுக்குக் கோபம் இருந்தது. இப்போதும் சிறிது இருக்கிறது. ஓடியாடும்போது, முன்னறிவிப்பு இல்லாமல், முகம் வெளிறி விழுந்து, சில நொடிகளில் தெளிவாக எழுந்து பேசுகிறவனுக்கு முதலில் இதயத்தைப் பார்க்க வேண்டும். மூளைக்கு இரத்தம் குறைந்தால் கைகால் வெட்டத்தான் செய்யும், வெட்டியதெல்லாம் வலிப்பாகிவிடாது. ஐந்து நிமிடத்தில் எடுக்கக்கூடிய ஒரு மின்வரைவு அன்று எடுக்கப்படவில்லை. ஆனால் அவர்கள் அந்தக் கையை ஒருமுறைதான் பார்த்தார்கள். நாங்கள் மூன்று முறை பார்த்தோம்.

அந்தச் சிறுமியிடம் வருவோம். ஓட்டப் பந்தயமும் கயிறு தாண்டுவதும் நின்றன. துடிப்பை அடக்கும் மாத்திரைகள் தொடங்கின. பள்ளியில் விளையாட்டு நேரம் முழுவதும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மற்றவர்களின் பைகளைக் காவல் காத்ததாகப் பின்னாளில் சொன்னாள். இதயம் கட்டுமீறும்போது தானே உணர்ந்து மின்னதிர்ச்சி கொடுத்துச் சீராக்கும் ஐ.சி.டி. என்ற கருவி அன்றும் இருந்தது. அதன் விலை அந்தக் குடும்பத்தின் வீட்டையும் நிலத்தையும் சேர்த்தாலும் எட்டாததாக இருந்தது. 2010-இல், அவளுடைய இருபத்தொன்றாம் வயதில், பலரும் கைகொடுத்துத் தோளெலும்புக்குக் கீழே அது பொருத்தப்பட்டது. அதன்பின் இருமுறை அவளை அது உதைத்து எழுப்பியிருக்கிறது. கோவேறு கழுதை நெஞ்சில் உதைத்தாற்போல் இருக்கும் என்கிறாள். உதைத்த பிறகு அதைச் சொல்வதற்கு அவள் இருக்கிறாள்.

2016-இல் நடுப்பிள்ளைக்குத் திருமணப் பேச்சு எழுந்தது. பெண், தாயின் உடன்பிறந்தானுடைய மகள்; பிறந்த நாளிலேயே இவனுக்கென்று சொல்லி வைத்தது. தாயோ தன் கணவனுக்குச் சொந்த அக்காள் மகள். இந்த நோய் தலைதூக்க, தந்தை வழியில் ஒன்றும் தாய் வழியில் ஒன்றுமாகப் பழுதான மரபணு இரண்டு வேண்டும். ஒன்று மட்டும் இருப்பவர்கள் பெரும்பாலும் நலமாகவே வாழ்வார்கள். தங்களிடம் அது இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. அத்தகைய இருவர் மணந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. உறவு விட்டுப் போகக் கூடாது என்று நம் பெரியவர்கள் சொல்வது சொத்துக்கும் பாசத்துக்கும் பொருந்தலாம். பழுதும் அதே வழியில்தான் வீட்டை விட்டுப் போகாமல் தங்குகிறது.

ஆகவே இரத்தம் எடுத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பினோம். முடிவு வந்தபோது முதலில் எங்கள் தலையில்தான் குட்டு விழுந்தது. பழுது பிளாக்கோகுளோபினில் இல்லை, டெஸ்மோபிளாக்கினில். பதினெட்டு ஆண்டுகள் நாங்கள் நாக்ஸோஸ் என்று எழுதிவந்தது ஈக்வடாரின் நோய். அந்தப் பெண்ணின் கையை மீண்டும் விரித்துப் பார்த்தோம். தடிப்பு விரல்களின் நீளவாட்டில் வரிவரியாக ஓடிக்கொண்டிருந்தது. என்றும் அப்படித்தான் ஓடியது. ஒருமுறை பெயர் சூட்டிவிட்டபின் மருத்துவனின் கண் மூடிக்கொள்கிறது போலும்.

நடுப்பிள்ளையிடம் ஒரு பழுது இருந்தது. அந்த மாமன் மகளையும் சோதிக்கலாமா என்று கேட்டோம். வேண்டாமென்றால் வற்புறுத்த மாட்டோம் என்றும் சொன்னோம். அவளே பேருந்து ஏறி வந்து கையை நீட்டினாள். அவளிடமும் ஒன்று இருந்தது. இரு வீட்டாரையும் உட்கார வைத்து நான்கில் ஒன்று என்பதை விளக்கினோம். எங்களில் தோலைப் பார்ப்பவர் நான்கு புளியங்கொட்டைகளை எடுத்து, ஒன்றின் மேல்தோலை உரசி வெள்ளையாக்கி, மற்றவற்றோடு சேர்த்துக் குலுக்கிக் காட்டினார். சம்பந்தம் நின்றுபோனது. மாமன் எங்கள் வாசலில் நின்று சத்தமாகவே சொன்னார்: “இருபது வருசப் பேச்சை ஒரு காகிதத்தைக் காட்டிக் கெடுத்துட்டீங்க.” அவர் சொன்னதில் பொய்யில்லை. அந்தப் பெண் படியிறங்கும்போது திரும்பிப் பார்க்கவில்லை. அவர்கள் மணந்து நான்கு பிள்ளைகளும் நலமாய்ப் பிறந்திருக்கவும் கூடும். இதை இரவில் பலமுறை பேசியிருக்கிறோம். சொல்லாமல் விட்டிருக்க முடியாது என்ற இடத்துக்கே ஒவ்வொரு முறையும் வந்து சேர்கிறோம். வந்து சேர்ந்தபின்னும் உறக்கம் உடனே வருவதில்லை.

அன்று எல்லோரும் போனபின் தாய் மட்டும் இருந்தாள். முந்தானையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்தாள். மூத்தவனுடையது, பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு எடுத்தது. நாங்கள் கேட்டிருந்தோம். அந்தக் கம்பளி முடியைப் பார்க்க வேண்டும், எங்கள் குறிப்பேட்டில் ஒட்டி வைக்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம். படத்தில் முடி படிந்து, பளபளவென்று, வகிடெடுத்து இருந்தது. போட்டோவுக்காக அரைப்படி தேங்காய் எண்ணெய் விட்டு, துணியால் இறுகக் கட்டி, காலைவரை வைத்திருந்து படிய வைத்தாளாம்.

“அன்னிக்கே இந்தக் காகிதம் இருந்திருந்தா அவன் இருந்திருப்பானா, அய்யா?”

1991-இல் இந்தச் சோதனை உலகில் எங்கும் இல்லை. பதினொரு வயதில் அவன் இதயத்தில் மாற்றம் தெரிந்திருக்குமோ என்னவோ. தெரிந்திருந்தாலும் அந்தக் கருவிக்கு வழியில்லை. இவையெல்லாம் உண்மை. எங்களில் இதயத்தைப் பார்ப்பவர் இவற்றைச் சொல்லத் தொடங்கினார். இரண்டு வாக்கியங்களுக்குமேல் போகவில்லை.

“காகிதம் இல்லாமலே பார்த்திருக்கலாம், அம்மா. ஓடாதே, பாரம் இழுக்காதே என்றாவது சொல்லியிருப்போம். பக்கத்து அறைக்கு அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை.”

அவள் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு படத்தை எங்களிடம் தராமல் முந்தானையிலேயே முடிந்துகொண்டு, கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.